பக்கம் இருநூற்றுப் பதினொன்று

நன்றிக்கு ஒரு பக்கம்தான், அதற்கு மேல் தாள் இல்லை
என்கிறார் அச்சகத்து ஒலெகாரியோ.
ஆறு வருடத்தை நான்காக மடித்து
உள்ளே வைக்கப் பார்க்கிறேன்.

முதலில், நகராட்சிக் கிடங்கின் சாவி
தொலைந்துவிட்டதென்று பதிவேட்டில் எழுதிவிட்டு
அதை என் கைப்பைக்குள் போட்ட வாஷிங்டன் பெரெய்ராவுக்கு.
உருகுவாயில் இந்தப் பேருக்கு யாரும் சிரிப்பதில்லை.
அவர் தம்பி எடிசனுக்கு
இன்றைக்கும் ஃபியூஸ் மாற்றத் தெரியாது.

கிடங்கு எலிகளுக்கும் சொல்லியாக வேண்டும்.
ஆலையின் சம்பளப் பேரேட்டில்
பசை தடவிய ஓரத்தைத்தான் தின்றன,
பெயர்களை விட்டுவைத்தன.
மூன்றாம் அத்தியாயம் அவை போட்ட மிச்சம்.

தகர வீட்டு வரிசையை
ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்த நதேஷ்தா கோலேவாவுக்கு.
எந்த வீட்டில் யார் என்று கேட்டேன்,
எந்த வீட்டில் என்ன வாசனை என்று சொன்னார்.
ஏழாம் எண், புளித்த முட்டைக்கோஸ்.
பன்னிரண்டு, ஈரக் கம்பளி, சுருட்டு, ஒரு அக்கார்டியன்.
அக்கார்டியனுக்கு ஏது வாசனை என்றேன்.
உனக்கு மூக்கே இல்லையா என்றார்.

முதல் பிரதியின் வரைபடத்தில்
ஆற்றைத் தலைகீழாக ஓடவிட்டிருந்தேன்.
படகுக்காரர் இஸ்மாயேல் லெகிசாமோ
ஒரு வார்த்தை திட்டவில்லை.
பென்சிலால் ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான்.

கதவைத் திறந்து, கேள்வியை முழுதும் கேட்டு,
'வேண்டாம் என்றாள் என்று எழுதிக்கொள்'
என மூடிக்கொண்ட டெலியா சுகாஸ்திக்கு.
எழுதிவிட்டேன், டெலியா. பக்கம் தொண்ணூற்று நான்கு.
அந்தப் பக்கத்தில் வேறொன்றும் இல்லை.

இனி குளிரறை எண் நான்கு.
நிர்வாகத்தின் நாட்குறிப்பு இப்படிச் சொல்கிறது:
ஆகஸ்ட் ஒன்பது. அமோனியாக் குழாயில் பழுது. ஆட்சேதம் இல்லை.
மருத்துவமனைப் புத்தகத்தில் அந்த வாரத்தைக் காணோம்,
கிழித்த நூல் மட்டும் நின்றிருந்தது.
பாதிரியார் அந்த மாதம் அக்கரையில், அர்ஜென்டினாவில்.
சரி, இதோடு விட்டுவிடலாம் என்று
ரொட்டிக்கடைப் படியில் உட்கார்ந்து
ஆறிப்போன மாத்தேயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.
கடை வாங்கியபோது அடுப்போடு சேர்ந்து வந்ததென்று
ரூபென் கிரிஸ்போ ஒரு பழைய நோட்டைத் தூக்கி வந்தார்.
'வெறும் கடன் கணக்கு. இதெல்லாமா சரித்திரம்?'

ஆகஸ்ட் ஒன்பது, இரவு. கோணல் எழுத்து, மாவுக் கறை.
எண் இரண்டுக்கு இருபது ரொட்டி.
எண் பன்னிரண்டுக்கு இருபது.
எண் பத்தொன்பதுக்கு இருபது.
தொகை எழுதும் கட்டத்தில்
மூன்றுக்கும் சேர்த்து ஒரே கோடு.

நான்கு பேர் உள்ள வீட்டில்
நடுராத்திரி இருபது ரொட்டியை யார் தின்பார்கள்?
படியிலேயே நெடுநேரம் இருந்தேன்.
ரூபென் கடையைச் சாத்தவில்லை,
விளக்கையும் அணைக்கவில்லை.
அதற்கும் சேர்த்து நன்றி, ரூபென்.

நதேஷ்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, 'பன்னிரண்டில் ரொட்டி வாசனையும் உண்டு,
ஒரே ஒரு நாள். சொல்ல மறந்துவிட்டேன் பார்.'

பத்தொன்பதில் இருந்தது யார் என்று
எனக்குத் தெரியும்.
புத்தகத்தில் தேட வேண்டாம்.

அந்தக் கோட்டை இழுத்த கைக்குப் பெயர் கிடைக்கவில்லை.
தேதி உண்டு, மை உண்டு,
அழுத்திப் போட்டதால் பின்தாளில் தடமும் உண்டு.
விரலால் தடவினால் தெரியும்.
பெயர் இருக்க வேண்டிய இடத்தை
வெற்றாகவே விடுங்கள், ஒலெகாரியோ.
தாள் வீண் என்று முனக வேண்டாம்.

வேறு யாரையாவது விட்டிருந்தால்
ரொட்டிக்கடையில் சொல்லிவையுங்கள்.
வியாழன் விடுமுறை.